மருந்தின் நான்காம் கூறு

(கங்கைகொண்டானில் நம் சங்கத்தார் கூட்டிய நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சிற்றாற்றங்கரையில், முதலாம் இராசேந்திர சோழனது பட்டப்பெயரை இன்றும் தாங்கி நிற்கும் இவ்வூரில், நாம் இன்று கூடியிருப்பது விழாக் கருதியன்று. சென்ற ஆண்டு ஆடித் திங்களில் நம்மைவிட்டு நீங்கிய அம்மையார் ஒருவரை நினைத்தற்பொருட்டே கூடினோம். தம் பெயரைப் பலகையில் எழுதுவதை அவர் வாழ்நாளில் விரும்பியதில்லை. ஆதலின் யாமும் பெயர் கூறாது, ஊரார் வழங்கியவாறே 'பெரியம்மை' என்று குறிப்போம்.

பெரியம்மை இளமையிலேயே கணவரை இழந்தவர். மூன்று மக்களைத் தையற்பொறி ஒன்றன் துணைகொண்டு வளர்த்து, மூவரையும் படிக்க வைத்தார். அவ்வளவில் அமைந்தாரல்லர். கோடையில் நம் சங்கத்தார் வைக்கும் தண்ணீர்ப் பந்தலில் விடியுமுன் வந்து குடம் நிறைப்பவர் அவரே. திருவாதிரை நாளில் களிக்கு அரிசி வறுப்பவரும் அவரே. மாலையில் சிறுமியர்க்குத் தம் திண்ணையில் எழுத்தறிவித்தவரும் அவரே. கருவுற்ற பெண்டிர்க்குத் துணையாகப் பாளையங்கோட்டைக்குப் பேருந்தேறிச் சென்று, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரவெல்லாம் விழித்திருந்தமையை இங்குள்ள தாய்மார் பலர் அறிவர். அவ்வாறு பிறரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற அம்மையார், தமக்கென ஒருநாளும் அவ்வாயிலை மிதித்தாரல்லர். இக்கூற்றினை யாம் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை, துயரமாகச் சொல்லுகின்றோம்.

ஒரு பங்குனித் திங்களில் அவர் தம் மார்பில் சிறு கட்டி ஒன்றைக் கண்டார். நோவில்லை. அண்டை வீட்டு மருமகள் ஒருத்திக்கு மட்டும் அதனைச் சொல்லி, "தாயி, இது உன்னோடு இருக்கட்டும். இளையவள் கழுத்தில் தாலி ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கையைப் பற்றிக் கேட்டுக்கொண்டாராம். தையில் திருமணம் நடந்தது. பத்துத் திங்கள் கழிந்திருந்தன. மருத்துவர் பார்த்தபோது நோய் எலும்பினுள் பரவியிருந்தது. அடுத்த ஆடியில் எல்லாம் முடிந்தது.

அன்பர்களே! இந்நோய்க்கு நம் மொழியில் அமைந்த பெயரை நோக்குங்கள். புற்று என்பது கரையான் எடுக்கும் மண்மேடு. மேட்டைக் காணுமுன்னரே கரையான் உத்திரத்தின் உள்ளே புகுந்து தின்றிருக்கும். மேலை நாட்டில் பண்டைக் கிரேக்க மருத்துவர் இதனை நண்டென்று பெயரிட்டனர். நண்டு கண்முன் ஊர்ந்து வருவது; புற்றோ ஓசையின்றி வளர்வது. மார்பில் தோன்றும் கட்டி தொடக்கத்திற் பெரும்பாலும் நோவதில்லை. 'நோவில்லாதது நோயன்று' என்னும் நம் எண்ணமே அதற்கு உணவாகின்றது.

திருவள்ளுவர் மருந்தென ஓர் அதிகாரம் வகுத்து, அதன் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாக வைத்தார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என்பன அவை. பெரியம்மையின் மறைவில் இந்நான்கனுள் எது குறைந்தது என்று பார்ப்போம்.

மருத்துவர் குறைந்தாரா? இல்லை. இத்தமிழ்நாட்டில் இந்நோய்க்கென எழுந்த மருத்துவத்தின் வரலாறே ஒரு பெண்ணின் துயரத்திற் பிறந்தது. 1886இல் புதுக்கோட்டையிற் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1927இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து அதன் துணைத்தலைவராக உயர்ந்ததும், தேவதாசி முறையை ஒழிக்க வாதாடியதும், 1930இல் அவ்வை இல்லம் கண்டதும் யாவரும் அறிந்தவை. அவருடைய உடன்பிறந்த சகோதரி சுந்தராம்பாள் இப்புற்றுநோயாலேயே இறந்தார். தாமே மருத்துவராக இருந்தும் தம் சகோதரியைக் காக்க இயலாது கைபிசைந்து நின்ற அந்நிலையை எண்ணிப் பாருங்கள்! அத்துயரைக் கண்ணீராக்கிக் கழித்திருக்கலாம். அம்மையார் அதனைக் கட்டடமாக்கினார்.

இந்நோய் கண்டோர் இறப்பது உறுதி, அதற்கொரு மருத்துவமனை எற்றுக்கு என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் பரவியிருந்த காலம் அது. அம்மையார் தளர்ந்தாரல்லர். 1917இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாகப் பொருள் திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. தொடக்கத்தில் இருந்தவை 12 படுக்கைகளே. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1927இல் மயிலாப்பூரிற் பிறந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனை வளர்த்தனர். சாந்தா அம்மையார் 2021இல் மறையும்வரை அம்மருத்துவமனையே தம் இல்லமென வாழ்ந்தார். அதனை எழுப்பியது அரண்மனையன்று. மாதர் சங்கம் ஒன்று. நம்முடையதும் ஒரு சங்கமே என்பதை மறவாதீர்கள்.

மருந்து குறைந்ததா? அதுவும் இல்லை. மார்பகப் புற்று தொடக்கத்திலேயே காணப்படின் பெரும்பாலும் தீர்க்கத்தக்கது என்பது இன்று மருத்துவர் யாவரும் ஒப்பியது. கருப்பை வாயில் தோன்றும் புற்றோ ஒருவகை வைரசினால் விளைவது. அதனைக் கண்டுணர்த்திய ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சுர் ஹௌசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். அதனைத் தடுக்க ஊசியும் உண்டு. 9 வயது முதல் 14 வயதுக்குள் சிறுமியர்க்கு இடுதல் நலம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த திட்டப்படி, 2030க்குள் நூற்றுக்குத் தொண்ணூறு சிறுமியர்க்கு ஊசியும், எழுபது பெண்டிர்க்குச் சோதனையும், நோய் கண்டோருள் தொண்ணூற்றுவர்க்குச் சிகிச்சையும் கிடைத்தல் வேண்டும். 30 வயது கடந்தோர்க்கு வாய், மார்பு, கருப்பை வாய் ஆகிய மூன்றனையும் சோதிக்க அரசினர் திட்டம் வகுத்துள்ளனர். பாளையங்கோட்டையில் மருத்துவக் கல்லூரி 1965 முதல் உள்ளது. இவ்வூரிலிருந்து பேருந்தில் ஒரு மணிக்குள் செல்லலாம். பெரியம்மை எத்தனையோ முறை சென்ற வழிதானே அது!

அங்ஙனமாயின் நோயுற்றவர்தாம் பிழைசெய்தாரா? 'மறைத்தாரே!' என்று சிலர் சொல்லக் கேட்டோம். ஏன் மறைத்தார் என்று கேட்டவர் யாவர்? இங்கேதான் யாம் ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். நம் சங்கத்து வரன் பதிவேட்டை ஏழாண்டுகளாக எம் கையால் எழுதி வருகின்றோம். அதில் குலம், கோத்திரம், நாள், படிப்பு இவற்றின் பின்னர், 'தாய்தந்தையர்க்கு நோய் உண்டா?' என்று ஒரு பத்தி இருக்கின்றது. அதனை வகுத்தவர் முன்னோர். வினவி நிரப்பியவர் யாம். பெரியம்மை தம் இளையமகள் பெயரைப் பதிய வந்த அன்று, அப்பத்தியில் 'இல்லை' என்று எழுதியது எம் எழுதுகோலே. எழுதும்போது அவர் சிறிது நேரம் வாளாவிருந்தார். யாம் நிமிர்ந்து நோக்கினோமில்லை. அதன்பின் அவ்வாண்டு விழாவில் அவரைப் 'பொறுமையின் உருவம்' என்று மேடையேறிப் புகழ்ந்ததும் யாமே. எதனைப் பொறுத்துக்கொண்டிருந்தார் என்பதை அன்று அறிந்திலோம்.

ஆகவே குறைந்தது நான்காம் கூறு, உடனிருப்போர். அது நாம். புற்றுநோய் தொற்றுவதன்று. மார்பகப் புற்றுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே பரம்பரைக் கூறு பற்றி வருவன. அவர்க்கும் முன்னதாகச் சோதித்துக் காக்கும் வழியுண்டு. தாய்க்கு நோயென்று மகளை மறுப்போர் நோயைத் தவிர்ப்பதில்லை. அதனை ஒளித்து வைக்கவே கற்பிக்கின்றனர். ஒளிக்கப்பட்ட நோய் நாளை நம் வீட்டிலும் ஒளிந்திருக்கும்.

ஆடவர்க்கும் ஒரு சொல். திண்ணையில் வெற்றிலைச் செல்லத்தோடு அமர்ந்து பெண்டிர்க்கு அறிவுரை கூறுதல் எளிது. புகையிலையும் பாக்கும் வாய்ப்புற்றுக்கு வித்தாவன. ஆறாத வாய்ப்புண்ணும் வெண்படலமும் கண்டவர் நாட்கடத்தலாகாது. பெண்டிர், மார்பில் கட்டியோ, மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கோ கண்டால், திருமணம், திருவிழா, அறுவடை என்று எதனையும் காத்திருத்தல் ஆகாது.

யாம் சங்கத்தாரை வேண்டுவன மூன்று. முதலாவது, பதிவேட்டில் அப்பத்தியை இன்றே நீக்குதல். இரண்டாவது, சோதனைக்குச் செல்லும் பெண்டிர்க்குத் துணையாகச் செல்லத் தாய்மாருள் அறுவரைத் தேர்ந்து, அவர்தம் பேருந்துச் செலவைச் சங்கப் பொருளிலிருந்து அளித்தல். மூன்றாவது, வெளியூரில் சிகிச்சை பெறுவோர்க்கு உணவும் உறையுளும் உதவ ஒரு சிறு நிதி தொடங்குதல். பெரியம்மையின் திருவுருவப் படத்தைச் சங்க மண்டபத்தில் மாட்ட வேண்டும் என்று இளைஞர் சிலர் கூறினர். மாட்டுக, தடையில்லை. ஆயின் அப்படத்தின் கீழே அப்பதிவேடு பழையபடியே இருக்குமாயின், அவர் முகத்தை நிமிர்ந்து நோக்க எமக்குத் துணிவில்லை.

பதிவேட்டை இன்று கையோடு கொண்டுவந்துள்ளோம். தலைவரவர்கள் இசைவளிப்பின், முதற்கோட்டை யாமே அடிக்கின்றோம். எழுதிய கையே அடித்தல் முறையன்றோ?