கடற்சொறி தீண்டினால்



நிலாவெளியிற் சுழியோடுவோரும், அறுகம் குடாவிலே பலகை கொண்டு அலைமேற் சறுக்கி விளையாடுவோரும் பெரிதும் அஞ்சுவது சுறாவுக்கே. ஆனால் அவர்கள் மேனியிற் பட வாய்ப்புள்ளது, கண்ணாடிபோல நீரோடு நீராய் மிதந்துவரும் சொறியேயாகும். நூல்கள் இதனை இழுதுமீன் என்னும். மீனுக்குரிய முள்ளும் மூளையும் இதற்கு இல்லை.

இதன் உடலிலிருந்து தொங்கும் நூல்களில் நுண்ணிய நச்சுப்பைகள் ஆயிரக்கணக்கில் உள. ஒவ்வொன்றினுள்ளும் ஊசி போன்ற இழையொன்று சுருண்டு கிடக்கும். தோல் பட்டதும் இமைப்பொழுதினும் விரைவாக அது பாய்ந்து நஞ்சைச் செலுத்தும். எனினும், முதல் தீண்டலில் வெடிப்பன சிலவே. ஏனையவை வெடியாமல் தோலில் ஒட்டிக்கிடக்கும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், செய்யத்தகாதன எவை என்பது தானே விளங்கும். மணலாற் றேய்த்தலும் துவாயால் அழுத்தித் துடைத்தலும் எஞ்சிய பைகளையும் வெடிக்கச் செய்யும். நன்னீர் ஊற்றுதலும் அவ்வாறே. சிறுநீர் விடவேண்டும் என்று சொல்வாரும் உளர். அதனாற் பயனில்லை, தீங்கு நேரலாம்.

நீருக்குள் இருப்பவர்க்கு நஞ்சினும் கொடியது பதற்றம். சுழியோடி வலி தாங்காது மூச்சை அடக்கியபடி விரைந்து மேலெழுந்தால் நுரையீரல் கிழியக்கூடும். மூச்சுவிட்டவாறே, துணைவருடன் மெல்ல மேலேற வேண்டும். பலகையில் வருபவர் அதைக் கைவிடாது, அதன்மேற் படுத்தபடியே துணையை அழைத்தல் நன்று.

கரை சேர்ந்ததும் கடல்நீரால் அலம்பி, ஒட்டிய நூல்களைச் சாமணத்தால் எடுத்தல் வேண்டும். பின்னர், தாங்கக்கூடிய சூடுள்ள நீரில், அதாவது ஏறத்தாழ 45 பாகை செல்சியசில், தீண்டப்பட்ட இடத்தை 20 நிமிடம் அமிழ்த்துக. சூட்டை முதலிற் பார்ப்பது துணைவரின் கையாக இருக்கட்டும். வலியால் துடிப்பவர்க்குச் சூடு சரிவரத் தெரியாது. நீலநிறப் பை போன்று மிதக்கும் நீலக்குமிழி தீண்டியவர்களிடையே அவுஸ்திரேலியாவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வொன்றில், வெந்நீரால் 87 வீதத்தினருக்கும் பனிக்கட்டியால் 33 வீதத்தினருக்குமே வலி தணிந்தது. வினாகிரியோ, பெட்டிச்சொறி எனப்படும் கொடிய இனத்துக்கே உரியது. அது எஞ்சிய பைகள் வெடியாது தடுக்கும், வலியைத் தணிக்காது. நீலக்குமிழிக்கு அதைப் பயன்படுத்துவது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

சிறிய தீண்டல்தானே என்று இருந்துவிடலும் ஆகாது. 1961இல் குவீன்ஸ்லாந்தின் கெயின்ஸ் நகர வைத்தியர் ஜாக் பார்ன்ஸ், பெருவிரல் நகமளவான சொறியொன்றைத் தம்மீதும், ஒன்பது வயது மகன்மீதும், உயிர்காப்பாளர் ஒருவர்மீதும் தீண்டச் செய்தார். சிறிது நேரம் பெரிதாக ஒன்றும் இல்லை. அரைமணி நேரத்துக்குள் மூவருக்கும் கடும்வலி தொடங்கிற்று. மூவரும் வைத்தியசாலை சென்று பிழைத்தனர். மகனை அதில் ஈடுபடுத்தியதை, பிள்ளைகளோடு பழகும் ஆசிரியனாகிய யான் ஒப்பமாட்டேன். எனினும், காரணமறியாதிருந்த நோயொன்றின் காரணம் அன்று துலங்கிற்று. 1967இல் அச்சொறிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

மூச்சுத்திணறல், வாந்தி, முதுகுவலி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைக்க வேண்டும். மூச்சு நின்றால், வண்டி வரும்வரை மார்பை அழுத்தி உயிர்ப்பூட்டுதல் நிற்கலாகாது.

உடலை ஒட்டிய மெல்லிய ஆடையே போதிய காப்பாகும். குவீன்ஸ்லாந்து உயிர்காப்பாளர்கள் ஒருகாலத்தில் பெண்கள் அணியும் மெல்லிய நீள்காலுறையை அணிந்தே கடலில் இறங்கினர். நகைத்தவர்களும் பின்னர் அதையே அணிந்தனராம்.