மொய் நோட்டும் கம்ப்யூட்டர் லூப்பும்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'மென்பொருள் துறையின் இன்றைய போக்குகள்'. அதைப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் போக்கு மாறிவிடும். அதனால் அவருடைய அனுமதியோடு, அறுபது வருஷத்துக்கு மேலாக மாறாத ஒரு விஷயத்தைப் பேசுகிறேன். ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தால் அதை எப்படி ஒவ்வொன்றாக எடுத்து வேலை செய்வது? இவ்வளவுதான் விஷயம். இதுக்கா ஒரு மேடைப் பேச்சு என்று தோழர்கள் சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்க.

நம்ம ஊர்க் கல்யாண மொய் நோட்டை எடுத்துக்கொள்வோம். ஊர், பேர், தொகை என்று வரிசையாக இருக்கும். கல்யாணம் முடிந்த மறுநாள் வீட்டில் பெரியவர்கள் அதை வைத்துக்கொண்டு என்னென்ன செய்கிறார்கள்? ஒருத்தர் பேரையும் ஊரையும் விட்டுவிட்டுத் தொகையை மட்டும் தனித் தாளில் எழுதிக்கொள்வார். இன்னொருத்தர் தாய்மாமன் வகையில் வந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பார். மூன்றாமவர் எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லுவார். முதல் வேலையில் எத்தனை வரி உள்ளே போகிறதோ அத்தனை வரி வெளியே வரும், உருவம்தான் மாறும். இரண்டாவதில் உருவம் மாறாது, எண்ணிக்கை குறையலாம். மூன்றாவதில் பட்டியலே போய் ஒரே ஒரு விடைதான் மிஞ்சும். மாணவர்கள் இவற்றை மேப், ஃபில்ட்டர், ரெடியூஸ் என்று படிக்கிறீர்கள். பாட்டியிடம் கேட்டால் இட்லித் தட்டு, சல்லடை, உண்டியல் எண்ணுவது என்பார்.

நாங்கள் இங்கே படித்தபோது இந்தப் பெயரெல்லாம் கிடையாது. ஃபோர்ட்ரான்தான். எதுவானாலும் ஒரு டூ லூப். ஒன்றிலிருந்து நூறு வரை சுற்று, உள்ளே மேற்சொன்ன மூன்று வேலையையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டு. பழைய ஃபோர்ட்ரானில் இன்னொரு வேடிக்கை. பட்டியல் காலியாக இருந்தாலும் பல கம்பைலர்களில் லூப் ஒருதடவை சுற்றிவிட்டுத்தான் நிற்கும். யாருமே மொய் எழுதாத கல்யாணத்திலும் ஒரு ஆள் மொய் வைத்ததாகக் கணக்கு வரும்! ஃபோர்ட்ரான் 77 தரம் வந்துதான் அது சரியானது.

ஆனால் அதற்கு வெகு முன்பே வேறு வழியைக் கண்டவர்கள் இருந்தார்கள். எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி 1960-இல் வெளியிட்ட லிஸ்ப் கட்டுரையிலேயே 'மேப்லிஸ்ட்' என்ற ஒன்று இருக்கிறது. பட்டியலையும், செய்ய வேண்டிய செயலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் போதும், சுற்றுவது அதன் பொறுப்பு. கென்னத் ஐவர்சன் 1962-இல் எழுதிய புத்தகத்திலிருந்து ஏ.பி.எல். மொழி பிறந்தது. அதில் ஒரு கூட்டல் குறியும் ஒரு சாய்கோடும் போட்டால் முழுப் பட்டியலின் கூட்டுத்தொகை வந்துவிடும். 'ரிடக்ஷன்' என்ற பேரும் அங்கே வழங்கியதுதான். பிறகு ஸ்மால்டாக் 80-இல் கலெக்ட், செலக்ட், ரிஜெக்ட், டிடெக்ட், இன்ஜெக்ட் என்று எதுகை மோனையோடு பெயர் வைத்தார்கள். புலவர் யாரோ கூட இருந்திருக்க வேண்டும். அதே கலெக்ட், செலக்ட், இன்ஜெக்ட் 1995-இல் வெளிவந்த ரூபியிலும் நுழைந்தன. ஜாவாஸ்கிரிப்டின் தரத்துக்குள் 2009-இலும், ஜாவாவில் 2014-இலும்தான் இந்த முறைகள் வந்து சேர்ந்தன. மெக்கார்த்தியிலிருந்து எண்ணினால் ஐம்பது வருஷத்துக்கு மேல்! ஆற அமரத்தான் வந்திருக்கிறது.

சரி, இதில் என்ன பெரிய லாபம்? லூப்பை நாமே எழுதினால் என்ன குறைந்துவிடும்? இங்கேதான் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த நிறுவனம், எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை.

நகைக் கடன் கொடுக்கும் ஓர் அலுவலகம். தவணை தாண்டிய கடன்களின் பட்டியலை எடுப்பார்கள். அதில் சமீபத்தில் வட்டி கட்டி, கடனைப் புதுப்பித்தவர்களை நீக்குவார்கள். மிச்சமுள்ளவர்களுக்கு ஏல நோட்டீஸ் போகும். இந்த வேலைக்கு ஒரு புரோகிராம். அதைச் சோதித்துப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஒரு அம்மா கையில் ரசீதோடு வந்து நிற்கிறார். வட்டி கட்டியாச்சு, நோட்டீஸ் எப்படி வந்தது என்கிறார். "கம்ப்யூட்டர் அப்படித்தான்மா காட்டுது" என்று பதில். நாலு தடவை நடந்திருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த சங்கிலி அது. ஏலத்துக்கு முந்தின நாள்தான் மேலதிகாரி ஒருவர் ரசீதைப் பார்த்து நிறுத்தினார். அப்புறம்தான் புரோகிராமைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே இருந்தது பத்து வரி லூப். முதல் ஆளைப் பார், வட்டி கட்டியிருந்தால் அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு, அடுத்த எண்ணுக்குப் போ. படித்தால் குற்றமே தெரியாது. ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆளை வெளியே அனுப்பினால் என்ன ஆகும்? நாலாவது ஆள் ஒரு அடி முன்னால் வந்து மூன்றாவது இடத்தில் நிற்பார். நீங்கள் இப்போது நாலாவது இடத்தைப் பார்க்கிறீர்கள். அங்கே நிற்பவர் பழைய ஐந்தாவது ஆள். நடுவில் ஒருத்தரை யாருமே விசாரிக்கவில்லை. அவர் வட்டி கட்டியவராக இருந்தாலும் பட்டியலில் அப்படியே தங்கிவிடுவார்.

அப்படியானால் சோதனையில் ஏன் அகப்படவில்லை? சோதனைக்குக் கொடுத்த இருபது பேர் பட்டியலில் வட்டி கட்டியவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தார்கள். அடுத்தடுத்து இருவர் இல்லை. நிஜத்தில் நடப்பது வேறு. மாமியாரும் மருமகளும் ஒரே நாளில் சேர்ந்து வந்து அடகு வைப்பார்கள், அடுத்தடுத்த கடன் எண் விழும். வட்டி கட்ட வரும்போதும் சேர்ந்தே வருவார்கள். புரோகிராம் மாமியாரை நீக்கும், மருமகளைத் தாண்டிப் போய்விடும். கோளாறு குறிபார்த்து அடித்ததே குடும்பமாக வந்து ஒழுங்காக வட்டி கட்டினவர்களைத்தான்.

திருத்தம் ரொம்ப எளிது. கடைசியிலிருந்து முன்னோக்கிச் சுற்றலாம், அப்போது இடம் பெயர்வது ஏற்கெனவே பார்த்து முடித்தவர்கள்தான். அதைவிட நல்லது, மூலப் பட்டியலைத் தொடாமல், நோட்டீஸ் அனுப்ப வேண்டியவர்களை மட்டும் புதுப் பட்டியலாக எடுப்பது. அதுதான் ஃபில்ட்டர். மூலம் அப்படியே இருக்கும், நாளைக்கு ஒருத்தர் வந்து கேட்டால் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். அங்கே நான் செய்ததும் அதுதான்.

மொழிகள் இதில் எப்படி நடந்துகொள்கின்றன என்று மாணவர்கள் கவனிக்க வேண்டும். பைத்தானில் ஒரு லிஸ்ட்டைச் சுற்றிக்கொண்டே அதிலிருந்து நீக்கினால் சத்தமே வராது, ஆட்களைத் தாண்டிப் போகும். அதே பைத்தான், டிக்ஷனரியில் சுற்றும்போது அளவு மாறினால் மட்டும் பிழை என்று கூச்சல் போடும். ஜாவாவில் அர்ரேலிஸ்ட்டைச் சுற்றும்போது நேரடியாக நீக்கினால் 'கன்கரண்ட் மாடிஃபிகேஷன் எக்ஸப்ஷன்' வரும். ஆனால் கடைசிக்கு முந்தின ஆளை நீக்கினால் அதுகூட வராமல், கடைசி ஆளைப் பார்க்காமலே முடிந்துவிடும்! கூச்சல் போடுகிற மொழி மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. சும்மா இருக்கிறதே, அதைக் கண்டால்தான் பயம்.

இனி மூன்றாமவருக்கு வருவோம், கூட்டுகிறவருக்கு. ரெடியூஸ் என்பதில் நிறைய பேர் வழுக்கி விழுவது காலிப் பட்டியலில். ஒன்றுமே இல்லாததைக் கூட்டினால் பூஜ்யம். பெருக்கினால்? ஒன்று. பூஜ்யம் என்று ஆரம்பித்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்யம்தானே வரும். அதிகபட்ச மொய் எவ்வளவு என்று காலி நோட்டைக் கேட்டால் விடையே கிடையாது. அதனால் தொடக்க மதிப்பு கொடுக்காமல் காலிப் பட்டியலை ரெடியூஸ் செய்தால் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் பிழை காட்டும். கை வைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. பரீட்சையில் யாரும் கேட்பதில்லை.

பெரிய கல்யாணத்தில் நாலு மேஜை போட்டு மொய் எழுதுவார்கள். அவரவர் மேஜைக் கூட்டுத்தொகையைச் சொன்னால் கடைசியில் சேர்த்துவிடலாம். கூட்டலில் எதை முதலில் சேர்த்தாலும் விடை ஒன்றே. கழித்தலில் அப்படி இல்லை. பத்திலிருந்து மூன்றையும் பிறகு இரண்டையும் கழித்தால் 5. மூன்றிலிருந்து இரண்டைக் கழித்து, அதைப் பத்திலிருந்து கழித்தால் 9. சராசரியும் மேஜைவாரியாக ஆகாது. ஒரு மேஜையில் 10 பேர், சராசரி 800 ரூபாய். இன்னொன்றில் 40 பேர், சராசரி 300. இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கினால் 550. மொத்தம் வந்ததோ 20,000 ரூபாய், ஆட்கள் 50 பேர், ஆக உண்மைச் சராசரி 400. மேஜைக்காரர் சராசரியைச் சொல்லக்கூடாது, தொகையையும் தலை எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தத் தப்பை நான் ஆண்டறிக்கைகளிலேயே பார்த்திருக்கிறேன்.

2004-இல் கூகிளைச் சேர்ந்த ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கெமாவத்தும் வெளியிட்ட 'மேப்ரெடியூஸ்' கட்டுரையின் சாரம் இந்த நாலு மேஜை வித்தைதான். மேஜைக்குப் பதில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள். ஒரு மேஜைக்காரர் மயங்கி விழுந்தால் அவர் பங்கை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி எழுதச் சொல்லலாம். லிஸ்ப் மொழியிலிருந்து யோசனை கிடைத்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

எல்லாம் சொன்னபிறகு ஒரு எச்சரிக்கை. இந்த முறைகளைப் படித்த புதிதில் பிள்ளைகள் லூப் என்றாலே தீட்டு என்று நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஒரு பேரைத் தேடுகிறோம், பத்தாவது வரியில் கிடைத்துவிட்டது, நின்றுவிட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் ஃபார்ஈச்சில் பாதியில் நிற்க வழியில்லை. அங்கே சாதாரண லூப்தான் உத்தமம். பைத்தானை உண்டாக்கிய கீடோ வான் ராஸமே ரெடியூஸ் படிக்கக் கஷ்டம் என்று 2005-இல் அதை எடுத்துவிட நினைத்தார். 2008-இல் வந்த பைத்தான் 3-இல் அது நடுக்கூடத்திலிருந்து பின்கட்டுக்குப் போய்விட்டது. என் கட்சியும் அதுவே. கூட்டுவதற்குக் கூட்டல் என்றே பேர் இருக்கும்போது ரெடியூஸ் எதற்கு?

இன்னொன்று. பைத்தான் 3-இல் மேப் கொடுப்பது பட்டியல் அல்ல, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தருகிற ஒன்று. ஒருதடவை கூட்டினால் சரியான தொகை வரும். மறுபடி கூட்டினால் பூஜ்யம், பிழைச் செய்தி கிடையாது. சட்டியில் இருந்ததை முதல் பந்தியிலேயே பரிமாறியாச்சு. ஜாவா ஸ்ட்ரீமும் ஒரு தடவைக்குத்தான், ஆனால் இரண்டாம் தடவை கேட்டால் அது திட்டும்.

கடைசியாக ஜாவாஸ்கிரிப்ட் பிள்ளைகளுக்கு ஒரு புதிர். '10', '10', '10' என்று எழுத்தாக மூன்று இருக்கிறது. அதை எண்ணாக்க மேப்பிடம் பார்ஸ்இன்ட்டைக் கொடுங்கள். மூன்று பத்து வர வேண்டும் அல்லவா? வருவது 10, எண்ணே அல்ல என்ற ஒரு பதில், பிறகு 2! மேப் ஒவ்வொரு பொருளோடும் அதன் இட எண்ணையும் சேர்த்து அனுப்புகிறது. பார்ஸ்இன்ட் அந்த இட எண்ணை எண்முறையின் அடிமானம் என்று எடுத்துக்கொள்கிறது. முதல் இட எண் பூஜ்யம், அதனால் வழக்கமான பத்தடிமானம். அடுத்தது ஒன்று, அப்படி ஒரு அடிமானமே செல்லாது. மூன்றாவது இரண்டடிமானம், அதில் '10' என்றால் 2. யார் மேலும் குற்றமில்லை, இருவரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்!

இப்போது செயற்கை நுண்ணறிவே புரோகிராம் எழுதித் தருகிறது, நாங்கள் ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று காலையில் ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. அந்த நகைக் கடன் லூப்பைப் பேர் விவரமெல்லாம் மாற்றிக் கொண்டு வந்திருக்கிறேன். நாளை காலை 10 மணிக்குக் கம்ப்யூட்டர் லேபைத் திறந்து தருவதாகத் துறைத் தலைவர் சொல்லியிருக்கிறார். இருபது பேர் கொண்ட அந்தப் பழைய சோதனைப் பட்டியலும் இருக்கும். அதில் ஒரே ஒரு ஆளை இடம் மாற்றிக் கோளாறை வெளியே வரவைக்க வேண்டும். எந்த ஆளை, எங்கே என்று வந்து சொல்லுங்கள். அந்த மாணவியும் கட்டாயம் வர வேண்டும்.