கொக்குப் படமும் மாக்ஸ் பீர்போமும்



நாடக விழாவில் வசனம் மறந்து, திரைப்பக்கம் கழுத்தை நீட்டி நின்ற என்னை, விடுதிக் கையெழுத்துப் பத்திரிகையில் கொக்காக வரைந்துவிட்டான் ஒரு நண்பன். ஆறு மாதம் அவனோடு பேசவில்லை. (ஆசாமி இதோ முன்வரிசையில்தான் இருக்கிறான்!) அந்தக் கோபம்தான் பின்னாளில் பழைய பிரிட்டிஷ் பத்திரிகைகளின் நாடகக் கேலிச்சித்திரங்களைத் தேடிப் பார்க்க வைத்தது.

1900-ஐ ஒட்டி லண்டன் நடிகர்களின் புகைப்படங்கள் பெரும்பாலும் ஸ்டுடியோவில் அசையாமல் நின்று எடுத்தவை. உடுப்பு தெரியும், நடிப்பு தெரியாது. எப்படித் திரும்பினார், எப்படிக் கை வீசினார் என்பதைக் கேலிச்சித்திரக்காரர்தான் பிடித்து வைத்தார். 'வேனிட்டி ஃபேர்' இதழில் 'ஸ்பை' என்ற பெயரில் வரைந்த லெஸ்லி வார்டு போகப் போக மரியாதையான உருவப்படக்காரர் ஆகிவிட்டார். மாக்ஸ் பீர்போம் அப்படியில்லை. ஆளை எதிரே உட்கார வைக்காமல் நினைவிலிருந்தே வரைவார். மனசில் தங்கினது மட்டும்தான் கோடாகும்.

அவரே 1898 முதல் 1910 வரை 'சாட்டர்டே ரிவ்யூ'வின் நாடக விமர்சகர். சங்கடம் என்னவென்றால், நாடகக் கம்பெனி நடத்திய பெரிய நடிகர் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ இவருக்கு அண்ணன். அப்பா ஒருவர், அம்மாக்கள் அக்கா தங்கை. 20 வயது மூத்தவர். அவரையும் மாக்ஸ் விடவில்லை, பலமுறை வரைந்தார். ட்ரீ 1917-ல் காலமானார். 1920-ல் அவரைப் பற்றிய நினைவுகளைத் தொகுத்துப் புத்தகமாக்கியது அந்தத் தம்பியேதான்.

நண்பா, அந்தக் கொக்குப் படம் உன்னிடம் இருந்தால் கொடுத்துவிடு. குரூப் போட்டோவில் நான் ராஜா வேஷத்தில் விறைப்பாக நிற்கிறேன், அவ்வளவுதான்.