பாஸ்கா புகழுரையில் விவிலியக் குறியீடுகள்

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு, பெரிய சனி திருவிழிப்பில், பாஸ்கா திரியின் அருகே நின்று பாடப்படுவது பாஸ்கா புகழுரை. கத்தோலிக்கத் திருவழிபாட்டில் ஆண்டுக்கு ஒருமுறையே ஒலிக்கும் பாடல் இது. திருத்தொண்டர் பாடுவது முறை. அவர் இல்லாத கோயில்களில் குருவானவரோ பாடகரோ பாடுவார். மறைமாவட்டம் எதுவானாலும் அந்த இரவில் பாடல் ஒன்றே.

விடுதலைப் பயண நூல்தான் இப்பாடலின் அடித்தளம். எகிப்தில் இஸ்ரயேலரின் கதவு நிலைகளில் பூசப்பட்ட ஆட்டுக்குட்டியின் இரத்தம், சிலுவையில் சிந்தப்பட்ட இரத்தத்துக்கு முன்குறி. கிறிஸ்துவைப் பாஸ்கா ஆடு என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுலடியாரே குறிப்பிடுகிறார். கால் நனையாமல் கடந்த செங்கடல், திருமுழுக்குத் தண்ணீர். இதற்கும் வழிகாட்டியவர் பவுல்தான்.

மூன்றாவது குறியீடு நெருப்புத்தூண். பாடலில் இருப்பவற்றுள் வலிமை மிக்கது இதுவே. இதைக் காதால் கேட்பதற்கு முன்பே மக்கள் கண்ணால் கண்டுவிடுகிறார்கள். கோயில் விளக்குகள் அணைந்திருக்க, வெளியே மூட்டிய புது நெருப்பில் ஏற்றிய திரி முன்னே செல்கிறது; மக்கள் பின்னால் வருகிறார்கள். வழியில் மூன்று முறை நின்று கிறிஸ்துவின் ஒளி வாழ்த்தப்படுகிறது. திரியின் மேல் சிலுவையும் அந்த ஆண்டின் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். சிலுவையில் ஐந்து காயங்களைக் குறிக்கும் ஐந்து சாம்பிராணி மணிகள் பதிக்கப்பட்டிருக்கும். பாலைநிலத்தில் இரவில் வழிகாட்டிய தூண் கோயிலுக்குள் நடந்து வந்த பிறகே புகழுரை தொடங்குகிறது.

அடுத்து வருவது ஆதாமின் பாவம். இவ்வளவு பெரிய மீட்பரைப் பெற்றுத் தந்ததால் அந்தக் குற்றத்தையே பேறு பெற்றதென்று பாடல் கொண்டாடுகிறது. இறையியலில் இதைவிடத் துணிச்சலான கூற்று அரிது. மெழுகு தந்த தேனீக்களுக்கும் ஓரிடம் உண்டு. கடைசியில் விடிவெள்ளி: பேதுருவின் இரண்டாம் திருமுகமும் திருவெளிப்பாடும் சொல்லும், மறையாத விடிவெள்ளியாகிய கிறிஸ்து.

இத்தாலியின் தென்பகுதியில் 10 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை இப்பாடலை நீண்ட தோல் சுருள்களில் எழுதினார்கள். பலவற்றில் எழுத்து நேராகவும் படங்கள் தலைகீழாகவும் இருக்கும். பாடுபவர் மேடையிலிருந்து சுருளை இறக்க இறக்க, கீழே நிற்கும் மக்களுக்குச் செங்கடலும் தேனீக்களும் நேராகத் தெரியும். எழுத்தறியாதவருக்கும் குறியீடு போய்ச்சேர அன்று எடுத்த முயற்சி அது.

இடைக்காலத்திலிருந்து திருவிழிப்பு சனிக்கிழமைக் காலைக்கு நகர்ந்துவிட்டது. இரவைப் புகழும் பாடல் பகல் வெளிச்சத்தில் ஒலித்தது! 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அதை மீண்டும் இரவுக்குக் கொண்டுவர வழி செய்தார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு இடமளித்தபின், தமிழிலும் பாடப்படுகிறது.

திருவிழிப்பின் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழையும் தேவைப்பட்டால் குறைத்துக்கொள்ளலாம்; செங்கடலைக் கடந்த வாசகத்தை மட்டும் ஒருபோதும் விடக் கூடாது. பெரிய சனிக்குக் கோயிலுக்குச் செல்பவர்கள் விடுதலைப் பயணம் 12 முதல் 14 வரையிலான அதிகாரங்களை வீட்டிலேயே ஒருமுறை வாசித்துவிட்டுச் செல்வது நல்லது.