விமானிகளின் மருத்துவர்



மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் நடத்துகிறவள் நான். ராணுவத்தில் உயர் பதவி வகித்த ஒரு பெண் மருத்துவரைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும் ஏர் மார்ஷல் பத்மா பந்தோபாத்யாய்தான் என் நினைவுக்கு வந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘முதல் பெண்’, ‘முதல் பெண்’ என்றே அடுக்கிக்கொண்டு போவார்கள். பெருமைதான். ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டுப் பாருங்கள், பலருக்கும் தெரியாது. அதைத்தான் இன்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

1944-இல் திருப்பதியில், ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தது டெல்லியில். அம்மாவுக்குக் காசநோய். விளையாடித் திரியும் வயதிலேயே அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் வசித்த இதயநோய் மருத்துவர் எஸ்.ஐ. பத்மாவதியைப் பார்த்துத் தானும் டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. பள்ளியில் கலைப் பிரிவில் படித்தவர் கல்லூரியில் அறிவியலுக்கு மாறினார். 1963-இல் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி, 1968-இல் விமானப்படை. 1971 போரின்போது பஞ்சாபில் ஹல்வாரா விமானதளத்தில் பணியாற்றினார். கணவரும் விமானப்படை அதிகாரி. இருவரும் ஒரே விழாவில் விசிஷ்ட சேவா பதக்கம் பெற்றார்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அவர் தேர்ந்தெடுத்த துறை விமான மருத்துவம். மற்ற டாக்டர்களிடம் நோயாளி வருவார். இந்த டாக்டரிடம் வருகிறவரோ நல்ல ஆரோக்கியமான இளைஞர். அவர் போகிற இடம்தான் மனித உடம்புக்கு ஒத்துவராத இடம்.

வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாணவியைச் சற்று நேரம் படுக்க வைத்து, சட்டென்று எழுந்து நிற்கச் சொல்லி, ரத்த அழுத்தம் எப்படி மாறுகிறது என்று காட்டிக்கொண்டிருந்தேன். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் போலும், எழுந்ததும் தள்ளாடினாள். பிடித்துப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தோம். தெளிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: “மேடம், நீங்க பேசினதெல்லாம் கேட்டுச்சு. கண்ணுதான் தெரியலை.”

எவ்வளவு சரியாகச் சொன்னாள், பாருங்கள்! போர் விமானம் வேகமாக வளைந்து திரும்பும்போது நடப்பதும் இதுவே, பல மடங்கு கடுமையாக. ஐந்து ஜி விசையில், அதாவது புவியீர்ப்பைப் போல் ஐந்து மடங்கு விசையில், 70 கிலோ எடையுள்ள விமானி 350 கிலோ கனப்பார். ரத்தமும் அதே அளவுக்குக் கனத்துக் காலை நோக்கி இறங்கிவிடும். கண்விழிக்குள் ஏற்கெனவே ஓர் அழுத்தம் இருக்கிறது. அதையும் மீறி ரத்தம் உள்ளே நுழைய வேண்டும். அதனால்தான் நினைவு தப்புவதற்கு முன்பே பார்வை போகிறது. முதலில் நிறங்கள் மங்கும், பிறகு இருட்டிவிடும். இதைச் சமாளிக்க விமானிக்கு ஒரு தனி உடை உண்டு. கெண்டைக்கால், தொடை, வயிறு ஆகிய இடங்களில் அதன் பைகள் காற்றால் உப்பி, ரத்தம் கீழே தேங்காமல் இறுக்கிப் பிடிக்கும். காலையும் வயிற்றையும் விறைத்துக்கொண்டு, விட்டுவிட்டு மூச்சிழுக்கவும் பயிற்சி தருவார்கள்.

இந்தத் துறையில் இன்னொரு சங்கடமும் உண்டு. பறக்கத் தகுதியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் விமானி தரையில் நிற்க வேண்டியதுதான். அந்தப் பயத்தில் தலைச்சுற்றலையும் முதுகுவலியையும் மறைக்கத் தோன்றும். மறைக்காமல் மனம்விட்டுப் பேச வைப்பது, உண்மையைக் கேட்ட பிறகு நியாயமாக முடிவெடுப்பது, இரண்டும் அந்த மருத்துவரின் வேலை. விமானிகளின் உடல்தகுதியைத் தீர்மானிக்கும் டெல்லி மத்திய மருத்துவ நிலையத்துக்குத் தலைமையேற்ற முதல் பெண் பத்மாதான். அவர் வகித்த பதவிகளிலேயே என்னை மிகவும் ஈர்ப்பது அதுதான்.

கடுங்குளிரை உடம்பு எப்படித் தாங்குகிறது என்று ஆராய வடதுருவப் பகுதிக்கும் போய்வந்தார். சியாச்சினிலும் லடாக்கிலும் காவல் நிற்கும் படையினருக்கு இந்த அறிவு உயிர் காக்கும். அங்கே குளிரோடு உயரமும் ஒரு சவால். அதனால் மலையேற்றத்தில் ராணுவம் அவசரப்படுவதில்லை. 9,000 அடியைத் தாண்டியதும் ஆறு நாள் தங்கிப் பழகிய பிறகே அடுத்த உயரம். லே நகரத்துக்குச் சுற்றுலா போகத் திட்டமிடும் நேயர்களே, அது 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் ஓய்வெடுங்கள். விடாத தலைவலி, மூச்சுத்திணறல் என்றால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

நேரம் நெருங்குகிறது. பத்மாவின் மற்ற பெருமைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: 1978-இல் நம் நீலகிரி வெலிங்டனில் இருக்கும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் படிப்பை முடித்த முதல் பெண் அதிகாரி, 2002-இல் ஏர் வைஸ் மார்ஷல், 2004-இல் ஏர் மார்ஷல், 2020-இல் பத்மஸ்ரீ. 2004-இலேயே தரைப்படையில் புனிதா அரோரா லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். 2024-இல் கடற்படையின் ஆர்த்தி சரின் முப்படை மருத்துவப் பணிகளுக்கும் தலைமை இயக்குநர் ஆகிவிட்டார். டாக்டர் கனவோடு நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளைகளே, அதே தேர்வு வழியாகத்தான் புனே கல்லூரிக்கும் போக முடியும். விண்ணப்பிக்கும்போது அதையும் ஒரு வாய்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, பிள்ளை ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். மாணவிகளே, உங்களில் ஒருத்தி விமான மருத்துவம் படிக்கப் போனாள் என்று கேள்விப்பட்டால் இந்த ஆசிரியை மிகவும் மகிழ்வாள்.