ஒரு முகம், நான்கு கைகள்

(பொங்கல் விழாவை ஒட்டி நம் சமூகக் கூடத்தில் நடந்த புகைப்படக் கண்காட்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

கண்காட்சிச் சுவர் முன்னால் நின்று பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பி பிளாக் சாருக்கு எப்படி நாலு கை முளைத்தது?" அதற்குப் பதில் சொல்லத்தான் செயலாளர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்.

பிலிம் ரோல் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ரோலைத் திருப்ப மறந்து அடுத்த படத்தை எடுத்துவிட்டால், மாப்பிள்ளை முகத்தின் மேல் பந்தி இலை வந்து உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு அது தவறு. அதையே தெரிந்து செய்தால் மல்டிபிள் எக்ஸ்போஷர்.

நம் சார் தினமும் காலையில் ஷட்டில் ஆடுபவர். முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. குதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அதுக்கு முன்னாடி, நான் ஸ்மாஷ் அடிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக் கொடுங்க சார்" என்றார். குதிக்காமல் ஸ்மாஷ்!

முதலில் கோர்ட்டிலேயே முயன்றேன். சார் நான்கு நிலைகளில் நின்றார். நான்கையும் கேமரா ஒன்றாகச் சேர்த்தது. அவர் வயிற்றுக்குள் காம்பவுண்டு சுவரும் வேப்பமரமும் தெரிந்தன. "ஆவி மாதிரி இருக்கேனே" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யோசித்தால் விஷயம் வெறும் கணக்கு. வங்கியில் லெட்ஜர் எழுதியவன் என்பதால் அப்படியே சொல்கிறேன். இந்தக் கணக்கில் வரவு மட்டும்தான் உண்டு, பற்று கிடையாது. விழுந்த வெளிச்சத்தைத் திரும்ப எடுக்க முடியாது. உச்ச வரம்பைத் தொட்டால் அந்த இடம் வெள்ளை. அதற்கு மேல் எதுவும் பதியாது. இருட்டு என்றால் வரவு பூஜ்யம். அடுத்த படம் அங்கே தாராளமாக எழுதலாம். ஆகவே கறுப்புப் பின்னணி அலங்காரமில்லை, அவசியம்.

அடுத்த முறை இந்தக் கூடத்துக்கே வந்தோம். பின்னால் கறுப்புத் துணி, கேமரா ட்ரைபாடில், விளக்குகள் எல்லாம் அணைப்பு. ஷட்டரை 'பல்ப்' என்பதில் வைத்தால், பட்டனை அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் பக்கவாட்டிலிருந்து பிளாஷை நான்கு முறை கையால் அடிக்க வேண்டும். நடுவில் சில நொடி இருட்டு. அந்த இருட்டில் சார் அடுத்த நிலைக்கு நிதானமாக மாறிக்கொள்ளலாம். குதிக்க வேண்டியதே இல்லை.

படம் வந்தது. கைகள் பிரமாதம். முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி! கை நான்கு இடத்துக்குப் போகிறது. தலை கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நான்கு வரவும் அங்கேயே குவிந்துவிட்டன.

இதே சிக்கலை 1880களிலேயே பிரான்சில் ஏத்தியேன் ழூல் மாரே என்ற உடலியல் அறிஞர் சந்தித்திருக்கிறார். நடக்கிற, ஓடுகிற மனிதனை ஒரே கண்ணாடித் தகட்டில் பலமுறை பதித்தார். உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பின. ஆளுக்குக் கறுப்பு உடை போட்டு, கை கால் நெடுக வெள்ளைக் கோடு மட்டும் வைத்தார். குழப்பம் தீர்ந்தது. பிறகு 1930களில், எம்.ஐ.டி. பேராசிரியர் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கால் கோல்ஃப் மட்டையின் முழு வீச்சையும் விசிறி விரித்தாற்போல ஒரே படத்தில் காட்டினார்.

நாங்கள் மாரே வழிக்குப் போனோம். சாருக்குக் கறுப்பு டி-ஷர்ட், கறுப்பு பேன்ட், வெள்ளை மணிக்கட்டுப் பட்டை. முதல் மூன்று பிளாஷுக்கும் அவர் முகத்தில் வெளிச்சம் படாதபடி என் மனைவி ஒரு கறுப்பு சார்ட் அட்டையைப் பிளாஷுக்கும் முகத்துக்கும் நடுவே பிடித்தாள். நான்காவதற்கு அட்டையை எடுத்தாள். கை நான்கு முறை, முகம் ஒரே முறை. ஒருவரின் உருவப்படம் என்றால் முகம் தெளிவாக இருந்தாக வேண்டும். மற்றதெல்லாம் அதற்குத் துணைதான்.

வீட்டில் முயல்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரே இடத்தில் நான்கு முறை வெளிச்சம் விழுவதைத் தவிர்க்க முடியாவிட்டால், ஒவ்வொன்றையும் கால் பங்காக்குங்கள். பிளாஷில் 1/4 என்றிருப்பதை 1/16 ஆக்கினால் போதும். வெவ்வேறு இடத்தில் விழுந்தால் குறைக்க வேண்டாம். இங்குள்ள பச்சை 'எக்ஸிட்' விளக்கை மட்டும் அணைக்காதீர்கள், மூடவும் வேண்டாம்; அது பிரேமுக்குள் வராதபடி கேமராவைத் திருப்புங்கள்.

கடைசிப் படத்தைக் காட்டியதும் சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் ஸ்மாஷ் அடிக்கவே இல்லையே. இதை மாட்டினா பொய்யாகாதா?" என்றார்.

நியாயமான கேள்வி. நான்கு நிலையும் அவர் உடம்பு அறிந்தவை. எந்த இடத்தில் மணிக்கட்டு மடங்கும் என்று நான் சொல்லித் தரவில்லை. ஆனால் அது ஒரே வீச்சு அல்ல. அதனால்தான் படத்தின் கீழே அவர் கையாலேயே எழுதியிருக்கிறார்: "நின்று நின்று எடுத்தது." வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, குனிந்து அதையும் படித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்கு ஆபரேஷன். எழுந்து நடமாடத் தொடங்கியதும் இதே கூடத்தில் இன்னொரு படம் எடுப்பதாகப் பேச்சு. அட்டை பிடிக்க ஆள் வேண்டும். ஆர்வமுள்ள பிள்ளைகள் பெயர் கொடுங்கள்.