விடுதலையும் வீடும்

(கூலிம் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'விடுதலை' என்ற சொல்லைப் பற்றி இன்று பேச வந்தோம். 1957 ஆகஸ்டு 31இல் நாடே 'மெர்டேக்கா' என்று முழங்கியது. அச்சொல் வடமொழி வழியாக மலாய்க்கு வந்தது. டச்சுக்காரர் ஆண்ட பத்தாவியாவில் அடிமைத்தனம் நீங்கியவர்களை அதே சொல்லின் உறவான 'மார்டைக்கர்' என்ற பெயரால் அழைத்தார்கள். இன்று நாட்டின் விடுதலையைக் குறிக்கும் சொல், அன்று கட்டவிழ்ந்த தனி மனிதனைக் குறித்தது.

நம் முன்னோரும் கட்டுண்டு வந்தவர்களே. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் சேர்ப்பது 1910இல்தான் நின்றது.

தோட்டம் கைமாறினால், மரங்கள் வெட்டப்பட்டால் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வரும்: 'வேலையிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்.' கிராணிகளாகிய நாங்களே அதைத் தட்டெழுதிக் கொடுத்திருக்கிறோம். கடைசியில் எங்கள் பெயருக்கும் அதே கடிதம்தான்! இதுவா விடுதலை?

தமிழைக் கேளுங்கள். 'கெடு' நீண்டால் கேடு. 'சுடு' நீண்டால் சூடு. 'விடு' நீண்டால் வீடு. பற்றறுத்து அடையும் பேற்றையும் வீடு என்றார்கள். உழைத்தவன் தலைசாய்க்கும் இடத்தையும் வீடு என்றார்கள். தோட்டத்திலோ வேலை போனால் லயத்து வீடும் போகிறது. வீட்டைப் பறிக்கும் விடுதலை, விடுதலை ஆகாது.

1996இல் கூலிம் ஹைடெக் பூங்கா திறக்கப்பட்டது. பால்மரக் காடாயிருந்த வட்டாரத்தில் ஆலைகள் எழுந்தன. ஆலைகளுக்கு நாம் எதிரிகளல்லர். நம் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகட்டும். ஆனால் இருபது வருடம் பால் வெட்டிய தாய், மூட்டை முடிச்சோடு எங்கே போவாள்?

ஆகவே கடிதம் வந்தால் கலங்காதீர்கள், கணக்குப் பாருங்கள். 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆட்குறைப்பில் வேலை இழப்பவருக்கு, ஓராண்டேனும் தொடர்ந்து வேலை செய்திருந்தால், நட்ட ஈடு உண்டு. சேவை இரண்டு வருடத்துக்குக் குறைவானால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம்; ஐந்து வருடத்துக்குக் குறைவானால் 15 நாள்; அதற்கு மேல் 20 நாள். இருபது வருடம் உழைத்தவருக்கு 400 நாள் சம்பளம்! ஐந்து வருடம் கடந்தவருக்கு எட்டு வார முன்னறிவிப்பும் தர வேண்டும். தோட்டம் கைமாறும்போது புது முதலாளி 7 நாளுக்குள், பழைய நிலைக்குக் குறையாத வேலை தர முன்வராவிட்டாலும் இத்தொகை உண்டு.

தொகையை வாங்குவதோடு நின்றுவிடலாகாது. சொந்த வீட்டுக்கு வழி செய்யும்படி ஒரே குரலில் கேட்போம். பால்வெட்டுக்காரர் வேறு, கிராணி வேறு என்று பிரிந்து நின்றால் இருவருக்கும் வீடில்லை.

விடுதலை என்போம், வீட்டோடு பெறுவோம்! வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!